ஓடும்போது சார்ஜ் ஏறாத கேம்பர்வேன் பேட்டரி: தொலைந்த வோல்ட்டைத் தேடிப் பிடிக்கும் முறை

ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் கோலாலம்பூரில் அக்கா வீட்டிலிருந்து எங்கள் கேம்பர்வேனில் பினாங்குக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 350 கிலோமீட்டர். தாப்பா ஓய்விடத்தில் பசியாற நிறுத்திய அரை மணி நேரம் போக, மற்ற நேரமெல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு. மறுநாள் பால்குடத்துக்கென்று அம்மா வாங்கி வைத்திருந்த பால் திரிந்துபோயிருந்தது.

பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மாற்றினேன். மூன்றே வாரத்தில் புதிய பேட்டரியும் அதே கதிக்கு வந்தது. கடைசியில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் வண்டி ஒயரிங் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரோடு வண்டியைச் சுற்றி வந்தார். “ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுக்கிறது, பேட்டரிக்கு 12.3 தான் போய்ச் சேருகிறது. நடுவில் 1.9 வோல்ட் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, தம்பி. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பழுது” என்றார். இருபது நிமிடத்தில் இடத்தைக் காட்டினார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். ஊகத்தில் பொருள் வாங்கி மாற்றுவதை நிறுத்திவிட்டு, தொலைந்த வோல்ட் எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்தால், பெரும்பாலான பழுதுகளை ஒரு சனிக்கிழமை காலையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வண்டிக்குள் மின்சாரம் போகும் பாதை

கேம்பர்வேனில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவது. இன்னொன்று விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்பு, குளிர்பெட்டி ஆகியவற்றை ஓட்டுவது. அதை இங்கே உள்பேட்டரி என்கிறேன். எஞ்சின் ஓடும்போது, அது சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் முதலில் எஞ்சின் பேட்டரிக்கும், அங்கிருந்து ஒரு தடித்த ஒயர் வழியாக உள்பேட்டரிக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் அந்த இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் இரவில் ஓடும் விசிறி எஞ்சின் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்துவிடும்.

இணைத்தும் பிரித்தும் விடும் அந்த வேலையைச் செய்வது நான்கில் ஏதாவது ஒன்றாக இருக்கும். சாவி திருப்பினால் மூடும் சாதாரண ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், ஒன்று. வோல்ட்டைப் பார்த்துத் தானே மூடித் திறக்கும் ரிலே இன்னொன்று, இதை வி.எஸ்.ஆர் என்பார்கள். பழைய வண்டிகளில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பிரிப்பான் இருக்கும். புதிய வண்டிகளிலும் லித்தியம் பேட்டரி வைத்த வண்டிகளிலும், வரும் வோல்ட்டை உள்பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் இருக்கும்.

உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். எஞ்சின் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து பின்பக்கம் போகும் தடித்த ஒயரைக் கண்ணாலும் கையாலும் தொடர்ந்து போங்கள். வழியில் வரும் ஃபியூஸ், பெட்டி, போல்ட் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துவையுங்கள். பழைய வேனை வாங்கி யாரோ மாற்றியமைத்த வண்டி என்றால் இந்தப் படம்தான் உங்களுடைய ஒரே கையேடு. படம் வரையும்போதே பழுதைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு: கழன்று தொங்கும் ஒரு லக் (ஒயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்), எலி கடித்த உறை, உருகிப்போன ஃபியூஸ் மூடி.

தேவையான கருவிகளும் எச்சரிக்கையும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முடிந்தால், ஒயரைச் சுற்றிக் கவ்வி அதில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். வாங்கும்போது அது டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். விலை குறைந்த பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டு மின்சாரமாகிய ஏசியை மட்டுமே அளக்கும், பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் நீளத்தில் மெல்லிய ஒயர் ஒன்று, இரு முனையிலும் முதலைக் கவ்வியோடு வேண்டும். வண்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே மீட்டரில் அளக்க அது உதவும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால், அந்த ஒயர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கணக்குத் தவறாது. இவற்றோடு 10, 13 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், உப்புத்தாள், டார்ச் விளக்கு.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். பன்னிரண்டு வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பிளஸ் முனைக்கும் வண்டியின் இரும்புப் பாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்குப் பக்கத்தில் துப்பட்டாவும் தொங்கும் சட்டைக் கையும் ஆகாது. கொண்டோமினியத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும். திறந்த வெளியில், கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துச் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது எந்தப் பேட்டரியின் முனையையும் கழற்றவே கூடாது. திடீரென்று எழும் மிகை வோல்ட் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் வண்டியின் மின்னணுப் பெட்டிகளையும் எரித்துவிடும்.

முதல் படி: உண்மையிலேயே ஏறவில்லையா?

பினாங்கில் இருப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து தீவிலிருக்கும் பத்து ஃபெரிங்கிக்குப் போவது பேட்டரிக்கு ஒரு பயணமே இல்லை. பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். எதைக் கடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி காலியாக இருந்தால் அதற்கு 50 ஆம்பியர்-மணி வேண்டும். சராசரியாக 20 ஆம்பியர் ஏறினாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். குளிர்பெட்டி அதே நேரத்தில் 4, 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். ஈய அமிலப் பேட்டரி என்றால் கடைசி இருபது விழுக்காடு மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது. வார இறுதியில் தீவுக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பேட்டரி நிரம்பவில்லை என்றால் அது பழுது ஆகாது. அதற்கு மருந்து சூரியத் தகடு அல்லது வீட்டுச் சார்ஜர்.

நான்கு மணி நேரம் ஓடியும் ஏறவில்லை என்றால்தான் மேலே படியுங்கள்.

சோதனைக்கு முன் சூரியத் தகட்டைத் துண்டித்துவிடுங்கள். தகட்டிலிருந்து வரும் ஒயரை முதலில், பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து பேட்டரிக்குப் போவதை. நம் ஊர்ப் பகல் வெயிலில் தகடே 13.8 வோல்ட் காட்ட வைத்துவிடும்; ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று நம்பி ஏமாந்துபோவீர்கள். வீட்டு மின்சாரச் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். முந்தைய இரவே விளக்கும் விசிறியும் ஓட்டி உள்பேட்டரியை ஓரளவு இறக்கி வைப்பது நல்லது. நிரம்பிய பேட்டரி மின்சாரம் வாங்காது, வாங்காத பேட்டரியை வைத்துப் பாதையைச் சோதிக்க முடியாது.

இரண்டாம் படி: நான்கு எண்களை எழுதுங்கள்

எஞ்சின் ஓடாத நிலையில் இரண்டு பேட்டரிகளின் வோல்ட்டையும் நேராக ஈயமுனையில் வைத்து அளந்து எழுதுங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஈய அமிலப் பேட்டரி 12.6க்கும் 12.8க்கும் நடுவே காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0க்குக் கீழே போனால் பேட்டரிக்கே கேடு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் கணக்கு வேறு. அது 13.2, 13.3 வோல்ட்டிலேயே நெடுநேரம் நிற்கும். வோல்ட்டை வைத்து அதன் கொள்ளளவைச் சொல்ல முயலாதீர்கள்.

இப்போது எஞ்சினைக் கிளப்பி, யாரையாவது நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டையும் மறுபடி அளந்து எழுதுங்கள்.

எஞ்சின் பேட்டரி 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12.5இலேயே நின்றால் பழுது முன்பக்கத்தில்: பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அதைப் பட்டறையில் காட்டுங்கள். உள்பேட்டரிப் பேச்சு அப்புறம்.

எஞ்சின் பேட்டரி 14.2, உள்பேட்டரி பழைய எண்ணிலேயே அசையாமல் நின்றால் பாதை எங்கோ முழுதாக அறுந்திருக்கிறது. உள்பேட்டரி கொஞ்சம் மட்டும் ஏறி 12.7, 13.0 என்று தயங்கினால் பாதை இருக்கிறது, ஆனால் குறுகியிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்து கிளாம்ப் மீட்டரில் 10, 20 ஆம்பியர் ஓடினால் பாதை நன்றாக இருக்கிறது. வோல்ட் ஒன்றாக இருந்து ஆம்பியர் மட்டும் ஓடவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டயோடு பிரிப்பான் உள்ள வண்டியில் 0.6, 0.7 வோல்ட் எப்போதுமே குறையும். அது அந்தப் பொருளின் இயல்பு. ஆனால் 14.2 கொடுத்தால் 13.5 தான் சேரும் என்பதால் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது. இன்னும் அதை வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: தொலைந்த வோல்ட்டைத் தேடும் நடை

இதுதான் இந்த வேலையின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

பலரும் மீட்டரின் கறுப்புக் குச்சியைப் பாடியில் வைத்து, சிவப்புக் குச்சியால் ஃபியூஸின் இரு பக்கமும் தொட்டுப் பார்ப்பார்கள். இரு பக்கமும் 12 சொச்சம் காட்டும். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஒயரின் இரு முனையிலும் இரண்டு பேட்டரிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஃபியூஸ் அறுந்து கிடந்தாலும் ஒரு பக்கத்தில் எஞ்சின் பேட்டரியின் வோல்ட் தெரியும், மறுபக்கத்தில் உள்பேட்டரியின் வோல்ட் தெரியும். நானும் இப்படித்தான் ஒரு மாதம் ஏமாந்தேன்.

சரியான முறை, எஞ்சின் ஓடும்போது இரண்டு குச்சிகளையும் அந்தப் பொருளின் இரு பக்கத்திலும் வைப்பது. ஒரு குச்சி ஃபியூஸுக்குள் நுழையும் முனையில், இன்னொன்று வெளியேறும் முனையில். நல்ல ஃபியூஸ் என்றால் பூஜ்யத்தை ஒட்டி 0.02, 0.05 என்று காட்டும். அறுந்த ஃபியூஸ் என்றால் தொலைந்த வோல்ட் முழுவதும் அங்கே தெரியும்: 1.9.

இதே மாதிரி முன்னாலிருந்து பின்னால் நடந்து போங்கள். எஞ்சின் பேட்டரியின் ஈயமுனைக்கும் அதன் மேல் இறுகிய லக்குக்கும் நடுவே. முதல் ஃபியூஸின் இரு பக்கம். ஒயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே, நீண்ட ஒயரின் துணையோடு. ரிலேயின் இரு பெரிய முனைகள். இரண்டாம் ஃபியூஸ். உள்பேட்டரியின் பிளஸ் லக்குக்கும் ஈயமுனைக்கும் நடுவே. பிறகு மைனஸ் பக்கம்: உள்பேட்டரியின் மைனஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே, பாடிக்கும் எஞ்சின் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே. ஒவ்வொன்றையும் நீங்கள் வரைந்த படத்தில் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் தொலைந்த வோல்ட்டுக்குச் சமமாக வரும். வரவில்லை என்றால் எங்கோ ஓர் இணைப்பை அளக்காமல் விட்டிருக்கிறீர்கள், திரும்பப் போங்கள்.

மொத்த எண்ணும் ஒரே இடத்தில் தெரிந்தால் அங்கே அறுந்திருக்கிறது. பல இடங்களில் சிதறித் தெரிந்தால் ஒயர் மெலிந்தது அல்லது பல இணைப்புகள் பழுதாகியிருக்கின்றன. ஓர் இணைப்பில் மட்டும் 0.2க்கு மேல் தெரிந்தால், ஓடும் மின்சாரம் அங்கே வெப்பமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியும்.

நான்காம் படி: எண் காட்டிய இடத்தில் என்ன இருக்கும்

ஃபியூஸ் என்றால், கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். போல்ட் போட்டு இறுக்கும் தட்டை ஃபியூஸ்களில் குலுங்கிக் குலுங்கி மயிரிழை விரிசல் விடுவது உண்டு. இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே போகும் ஒயருக்கு இரு முனையிலும் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் இரு முனையிலிருந்தும் மின்சாரம் பாய முடியும். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். அறுந்ததற்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸ் போடுவது வண்டிக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் காப்பது ஒயரை.

ரிலே என்றால், ‘டிக்’ சத்தம் கேட்பது போதாது. அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் காந்தம் இழுத்ததற்கு அடையாளம். மின்சாரம் கடந்ததற்கு அல்ல. பல ரிலேக்களில் 85, 86 என்று எழுதிய சிறு முனைகள் காந்தத்துக்கு, 30, 87 என்ற பெரிய முனைகள் மின்சாரத்துக்கு. எஞ்சின் ஓடும்போது 85க்கும் 86க்கும் நடுவே 12 வோல்ட்டுக்கு மேல் இல்லை என்றால் பழுது சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரிலோ அதன் சிறு ஃபியூஸிலோ இருக்கிறது. அங்கே வோல்ட் இருந்தும் 30க்கும் 87க்கும் நடுவே தொலைந்த வோல்ட் தெரிந்தால் ரிலே எரிந்துவிட்டது. நண்பர் ஒருவரின் வண்டியில் கழற்றிய ரிலேயின் மூடியை நெம்பித் திறந்து பார்த்தோம். தொடுமுனை இரண்டும் அடுப்புக்கரி போல் கறுத்து, நடுவில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. மீட்டரை மட்டும் இணைத்தால் அது 12 வோல்ட்டைக் கடத்தியது. ஹெட்லைட் பல்பை மாட்டியதும் 3 வோல்ட்டுக்குச் சரிந்து, பல்பின் இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி. வோல்ட் தெரிகிறது, போதிய மின்சாரம் ஓடவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை. சந்தேகம் வரும் எந்த முனையிலும் அந்த 55 வாட் பல்பை மாட்டிப் பாருங்கள். நாலரை ஆம்பியர் இழுக்கும். போலி இணைப்பு அதைத் தாங்காது.

வி.எஸ்.ஆர் என்றால், பெரும்பாலானவை 13.3 வோல்ட் அளவில் மூடி, 12.8 அளவில் திறக்கும். அதற்கென்று, பாடியோடு இணைக்கும் ஒரு மெல்லிய கறுப்பு எர்த் ஒயர் உண்டு. அது கழன்றாலோ துருப்பிடித்தாலோ வி.எஸ்.ஆர் விழிக்கவே விழிக்காது. மற்ற எதையும் தொடுவதற்கு முன் அந்த ஒயரைப் பாருங்கள். மூடியதும் உடனே திறந்து, மறுபடி மூடி, ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தால், மிகவும் காலியான உள்பேட்டரி ஒரேயடியாக இழுத்து வோல்ட்டைக் கீழே தள்ளுகிறது. அல்லது வி.எஸ்.ஆருக்கு வரும் ஒயர் மெல்லியது.

ஒயரின் தடிமன் பற்றிக் கணக்கோடு சொல்கிறேன். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 6 மீட்டர் தூரத்துக்கு 30 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.55 வோல்ட் தொலையும். 16 சதுர மில்லிமீட்டரில் 0.2 தான் தொலையும். அந்த அரை வோல்ட் சிறிதாகத் தோன்றலாம், ஆனால் 14.2 கொடுத்து 13.6 சேர்வதற்கும் 14.0 சேர்வதற்கும், ஈய அமிலப் பேட்டரி நிரம்பும் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒயருக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது.

எர்த்: கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம்

என் வண்டியின் 1.9 வோல்ட் இங்கேதான் இருந்தது. பிளஸ் பக்கம் எல்லா எண்ணும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தன. உள்பேட்டரியின் மைனஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே குச்சியை வைத்ததும் மீட்டர் 1.87 என்றது. அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் பின்சக்கரத்தின் உள்வளைவுக்குப் பக்கத்தில் கையை விட்டார்.

அந்த போல்ட் வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. 13 மில்லிமீட்டர் ஸ்பேனரில் கால் சுற்றுக்கூடத் தேவைப்படவில்லை, விரலாலேயே சுழன்றது. லக்கைத் தூக்கினால் அடியில் பச்சைக் களிம்பு, திருநீறு போல் உதிர்ந்தது. அதற்கும் கீழே வெள்ளைப் பெயின்ட் அப்படியே பளபளத்தது. வண்டியை மாற்றியமைத்தவர் பெயின்டைச் சுரண்டாமலே லக்கை இறுக்கியிருந்தார். போல்ட்டின் மரை மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டு சில காலம் வேலை செய்திருக்கிறது. தெலுக் பஹாங்கிலும் பத்து ஃபெரிங்கியிலும் கடலை ஒட்டி நிறுத்தி நாங்கள் கழித்த இரவுகளில் உப்புக்காற்று அந்த மரையையும் தின்றுவிட்டது.

சரிசெய்வது எளிது, பொறுமையாகச் செய்ய வேண்டும். முதலில் உள்பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். போல்ட்டைச் சுற்றி லக்கின் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல் மின்னும் வெறும் இரும்பைக் கொண்டுவாருங்கள். களிம்பு ஏறிய லக்கைத் தேய்த்துப் பயன்படுத்தாதீர்கள். ஒயரின் முனையைக் கொஞ்சம் வெட்டி, உள்ளே செம்பு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். வெள்ளீயம் பூசிய புதிய லக்கை முறையான அழுத்துகருவியால் பொருத்துங்கள். பூப்போன்ற வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே பெயின்டோ கிரீசோ தடவுங்கள். முதலில் தடவிவிட்டு இறுக்காதீர்கள். மைனஸ் ஒயர் பிளஸ் ஒயரின் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வரும் வழி அதுதான்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பட்டை ஒயர் இருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிறுத்தினால் ஏறுகிறது, ஓட்டினால் ஏறவில்லை

வீட்டு வாசலில் எல்லா எண்ணும் சரியாக வருகிறது, நெடுஞ்சாலையில் போய் வந்தால் பேட்டரி காலி. புதிய வேன்களில் இது நடக்கும். அவற்றின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, எஞ்சின் பேட்டரி நிரம்பியதும் வோல்ட்டை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். வி.எஸ்.ஆர் அதைப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது என்று எண்ணித் திறந்துகொள்ளும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு வோல்ட்மீட்டர் ஒன்றை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். எண் 12.5க்கும் 14.5க்கும் நடுவே ஏறி இறங்கினால் ஒயரில் பழுது இல்லை. சாவியின் சைகையில் வேலை செய்யும் டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வு. கீழிறங்கிய வோல்ட்டை அது உயர்த்திக் கொடுக்கும்.

அந்தச் சார்ஜர் ஏற்கெனவே இருந்தும் ஏறவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். சாவியிலிருந்தோ, எஞ்சின் ஓடுவதைச் சொல்லும் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனையிலிருந்தோ வரும் சைகை ஒயரில் எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா? சார்ஜர் வேலை செய்துகொண்டிருக்கும்போது அதன் நுழைமுனையில் வோல்ட் எவ்வளவு? 30 ஆம்பியர் வெளியே தரும் சார்ஜர் உள்ளே 37 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயர் என்றால் நுழைமுனை வோல்ட் சரிந்து, சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், வோல்ட் ஏறியதும் மறுபடி தொடங்கும். மூன்றாவது வெப்பம். படுக்கைக்கு அடியில் மூடிய பலகைப் பெட்டிக்குள் சார்ஜரை வைத்துவிட்டு, நண்பகல் வெயிலில் ஈப்போவைத் தாண்டும்போது பாதி ஆம்பியர்தான் வருகிறது என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் கீழே ஒரு துளையும் மேலே ஒரு துளையும் போட்டுக் காற்றுக்கு வழிவிடுங்கள்.

லித்தியம் வைத்தவர்களுக்கு

ஈய அமிலப் பேட்டரியை எடுத்துவிட்டு, பழைய ஒயரிங்கை அப்படியே வைத்து லித்தியத்தை மாட்டியிருந்தால், அங்கேதான் தொல்லை தொடங்கியிருக்கும். லித்தியம் தயங்காமல் இழுக்கும். ஃபியூஸ் அறும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் கொதிக்கும். வி.எஸ்.ஆர் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: லித்தியம் ஓய்விலேயே 13.2 வோல்ட்டில் நிற்பதால், எஞ்சின் நின்ற பிறகும் வி.எஸ்.ஆர் திறக்காமல் இரண்டு பேட்டரிகளையும் பிணைத்தே வைத்திருக்கும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் லித்தியம் வேண்டாம்.

முனையில் அளந்தால் பூஜ்யமோ சில வோல்ட்டோ காட்டுகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ் என்ற காவல் சுற்று, மிகவும் காலியானதாலோ மிகவும் சூடானதாலோ கதவை மூடியிருக்கும். எழுப்பும் வசதி உள்ள லித்தியம் சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். வெப்பத்தால் மூடியிருந்தால் நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள், தானே திறக்கும்.

பேட்டரியையே சந்தேகிப்பது எப்போது

பாதை முழுவதும் சுத்தம், வோல்ட் 14.2 சேருகிறது, கிளாம்ப் மீட்டரில் மட்டும் முதல் சில நிமிடத்திலேயே 1, 2 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது, ஆனால் பேட்டரி நிரம்பவில்லை. அப்போதுதான் பேட்டரி. ஓர் இரவு வீட்டுச் சார்ஜரில் போட்டு, பன்னிரண்டு மணி நேரம் சும்மா விட்டு, அந்த 55 வாட் பல்பை இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். செலவு 9 ஆம்பியர்-மணிதான். பல்பை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி 12.4க்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர் ஊற்றும் வகை என்றால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். நிறைந்த அறை 1.265 அளவில் நிற்கும். ஓர் அறை மட்டும் மற்றவற்றிலிருந்து 0.050 விலகினால் அந்தப் பேட்டரிக்குச் செலவழிக்காதீர்கள்.

முடித்த பிறகு

சரிசெய்த அன்றே நான்கு எண்களையும் மறுபடி அளந்து, ஓடும் ஆம்பியரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சூரியத் தகட்டை மறுபடி இணைக்கும்போது பேட்டரி ஒயர் முதலில், தகட்டு ஒயர் பிறகு. கடலோரத்தில் இரவு தங்கிய ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். என் வண்டியில் உள்பேட்டரி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எஞ்சின் பேட்டரி 14.2, உள்பேட்டரி 14.0, ஓட்டம் 24 ஆம்பியர், எர்த்தில் 0.03. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தத் தாளோடு ஒப்பிட்டு அளந்துவிட்டுத்தான் அம்மாவிடம் பால் வாங்கலாம் என்று சொல்கிறேன்.